கல்லின் ஸனது

ஸலாம் உரைத்து, நலம் விசாரித்து முடிந்ததும் நம்மவர் தவறாமல் கேட்கும் கேள்வி, "பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?" என்பதாகும். மருத்துவம், பொறியியல், கணினி, அரபு நாட்டில் உத்தியோகம், சொந்தத்தில் வியாபாரம் என்னும் ஐந்தனுள் ஒன்றை விடையாகச் சொல்லிவிட்டால் கேட்டவர் முகம் மலர்ந்து "மாஷா அல்லாஹ்" என்பார். ஆறாவதாக ஒன்றைச் சொன்னால் பேச்சு சற்றே தடைப்படும், "அதில் என்ன வருமானம்?" என்னும் அடுத்த கேள்வி பிறக்கும். அவ்வாறான ஆறாவது விடை ஒன்றைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தோம். ஐசோடோப்புப் புவிவேதியியல் என்பது அக்கல்வியின் பெயர். பெயரின் நீளம் கண்டு அன்பர்கள் ஏட்டைப் புரட்டிவிடாமல் நம்மோடு சற்று நடந்து வருமாறு வேண்டுகிறோம்.

அரபுப் பாடமும் தமிழ்ப் பாடமும் நடத்திக் காலம் கழிக்கும் நமக்கு இத்துறையோடு என்ன தொடர்பு என்று ஐயுறலாம். நம்மிடம் அஸருக்குப் பின் குர்ஆன் ஓதிய பிள்ளைகளுள் ஒரு பெண், பின்னாளில் கல்லூரி சென்று நிலவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றாள். தேசிய அளவிலான தகுதித் தேர்விலும் தேறி, வடபுலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் பெற்றாள். அவளுடைய அத்தா கடைத்தெருவில் மளிகை மண்டி வைத்திருப்பவர். ஐவேளையும் ஜமாஅத்தில் நிற்பவர். ஒருநாள் மஃரிபு முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்தார்.

"ஹஜ்ரத், பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறாள் என்றால் ஊருக்கு விளங்கும். கல்லைப் பொடித்துக் கரைத்து நிறுத்துப் பார்க்கிறாள் என்றால் யாருக்கு விளங்கும்? இதற்கென்று வேலை இருக்கிறதா? நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் அனுப்பு என்றால் அனுப்புகிறேன், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்" என்றார்.

ஒரு பெண்ணின் எதிர்காலம் நம் நாவின்மீது வைக்கப்பட்டது. மஷ்வரா கேட்பவர்க்கு, அறியாததை அறிந்ததுபோல் உரைப்பது அமானிதத்துக்கு மோசம் செய்வதாகும். ஆகவே பத்து நாள் தவணை கேட்டோம். அவளையே வரவழைத்து, அவள் ஆசிரியையாகவும் நாம் மாணவராகவும் இருந்து பாடம் கேட்டோம். பின்னர் நூல்களைப் பார்த்தோம். துறையறிந்தோர் சிலருக்குக் கடிதமும் எழுதினோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்குத் தொகுத்துரைக்கிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஒரே தனிமத்தின் அணுக்களுள் சில கனத்தும் சில இலேசாகவும் இருக்கும். ஆயினும் தனிம அட்டவணையில் அவற்றுக்கு ஒரே கட்டம்தான். 1913 ஆம் ஆண்டில் பிரெடெரிக் சாடி என்னும் ஆங்கிலேய அறிஞர் இவ்வுண்மையை விளக்கியபோது, மார்கரெட் டாட் என்னும் பெண் மருத்துவர், 'ஒரே இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'ஐசோடோப்பு' என்னும் பெயரை எடுத்துக் கொடுத்தார். தமிழில் 'ஓரிடத்தான்' என்பர். சொற்களோடு பழகும் நமக்கு, இத்துறைக்கு வாய்த்த சொல்லையே ஒரு பெண்மணி தந்தார் என்னும் செய்தி இனித்தது. மண்டிக்காரரிடமும் அதைச் சொல்லிவைத்தோம்.

"பள்ளிவாசல் ஹவுளை எண்ணிப் பாருங்கள், ஹஜ்ரத்" என்று அவள் பாடத்தைத் தொடங்கினாள். நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் ஆயிரத்தில் 997க்கு மேற்பட்டவை 16 என்னும் நிறையெண் உடையவை. ஏறத்தாழ இரண்டு மட்டுமே 18 என்னும் நிறையெண் கொண்ட கனத்த அணுக்கள். கோடையில் ஹவுளு நீர் ஆவியாகும்போது இலேசானவை முந்திப் பறக்கும், கனத்தவை பின்தங்கும். ஆகவே பத்து நாள் கிடந்த ஹவுளு நீருக்கும் அன்று இறைத்த கிணற்று நீருக்கும், நாவுக்குப் புலப்படாத ஒரு வேறுபாடு உண்டாகிவிடுகிறது. கருவி அதைக் காணும். கடலோரக் கிணறு ஒன்று உப்புக் கரித்தால், கடல்நீர் உள்ளே புகுந்ததா, வெயிலில் வற்றிச் சுண்டிய நீர் கீழிறங்கியதா, மண்ணில் இருந்த உப்பே கரைந்ததா என்று பிரித்தறிய இவ்வளவீடு துணை செய்யும். காவிரிக் கடைமடையில் குடியிருக்கும் நமக்கு இதன் பயனைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பிழைக்கச் சென்ற அரபு மண்ணின் ஆழ்நிலத்தடி நீரிலும் பெரும்பகுதி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், அங்கு மழை மிகுந்திருந்த காலத்தில் சேர்ந்த தொல்நீர் என்பதைக் கார்பன்-14 என்னும் ஓரிடத்தானைக் கொண்டே கண்டறிந்தனர்.

அடுத்து அவள் கல்லுக்கு வந்தாள். யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறுகிறது. யுரேனியம்-238 தன்னில் பாதி குறைந்து ஈயம்-206 ஆக 447 கோடி ஆண்டுகள் ஆகும்; யுரேனியம்-235 பாதி குறைந்து ஈயம்-207 ஆக ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள் ஆகும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கிடைக்கும் சிர்க்கான் என்னும் சிறுமணி, தான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. எனவே பின்னாளில் அதனுள் காணப்படும் ஈயம் அந்த யுரேனியத்தின் வாரிசேயாகும். இருவகை யுரேனியத்தையும் அவற்றின் வாரிசுகளையும் அளந்தால் மணியின் வயது இருமுறை தனித்தனியே கிடைக்கும். இரண்டும் ஒத்துவந்தால் வயது உறுதி; ஒத்துவராவிட்டால், இடையில் அக்கல் சூடுண்டு ஈயத்தை இழந்திருக்கக்கூடும் என்று ஐயுறுவர். சென்னைப் பல்லாவரத்துக் குன்றின் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது என்பது இத்தகைய அளவீடுகளால் பெறப்பட்டதே.

இதைக் கேட்டபோது நாம் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இது நமக்கு அன்னியமான கல்வியன்று. ஹதீஸ் ஓதியவர்க்கெல்லாம் தெரிந்த முறை இது. ஒரு ஹதீஸுக்கு மத்ன் என்னும் வாசகமும், ஸனது என்னும் அறிவிப்பாளர் தொடரும் உண்டு. வாசகம் அழகாயிருக்கிறது என்பதற்காக முஹத்திஸ்கள் ஏற்றுக்கொள்வதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் சந்தித்தனரா, தொடர் எங்கேனும் அறுந்ததா, வேறொரு வழியிலும் இச்செய்தி வந்துளதா என்று துருவுவர். கல்லின் நிறமும் கடினமும் அதன் மத்ன் என்று கொண்டால், ஓரிடத்தான்களின் விகிதம் அதன் ஸனது ஆகும். இரு யுரேனியங்களும் ஒரே வயதைச் சொல்வது இரு ஸனதுகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதைப் போன்றது. ஈயம் கசிந்து போயிருந்தால் அது அறுந்த ஸனது.

பத்தாம் நாள் மண்டிக்காரரிடம் நம் கருத்தைச் சொன்னோம். "இக்கல்வி மெய்யானது, பயனுள்ளது, அமானிதமும் பொறுமையும் உள்ளவர்க்கே வாய்ப்பது. உங்கள் பிள்ளையிடம் இரண்டும் உண்டு. ஆனால் வேலைகள் குறைவு, காத்திருப்பு நெடிது. அதை அறிந்து அனுப்புவதானால் அனுப்புங்கள். ஏமாற்றம் வந்தபின் பிள்ளையைக் குறை கூறாதீர்கள்" என்றோம். அவர் அனுப்பினார்.

இரண்டாண்டு கழித்து ஒரு விடுமுறையில் அவருடன் சென்று அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்த்தோம். உள்ளறைக்குள் எவரும் நினைத்தபடி நுழைய முடியாது. செருப்பைக் கழற்றி, வேறு காலுறை பூண்டு, தலையையும் உடலையும் வெண்ணிற அங்கியால் மூடி, கையுறை அணிந்த பின்னரே அனுமதி. உள்ளே வரும் காற்றும் வடிகட்டப்படுகிறது. கல்லைக் கரைக்கும் சிறு கிண்ணங்களை அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்துத் திரும்பத் திரும்பக் கழுவுகின்றனர். மண்டிக்காரர் நம் காதோடு, "ஒளுவை விடப் பேணுதலாக இருக்கிறதே, ஹஜ்ரத்!" என்றார்.

அங்கு நாம் கண்ட மூன்று வழக்கங்கள் நம் உள்ளத்தில் நின்றுவிட்டன. முதலாவது, வெற்றுச் சோதனை. கல்லே இல்லாத வெறுங் கிண்ணத்தை எடுத்து, அதே அமிலம் ஊற்றி, அதே வேலைகள் அனைத்தையும் செய்து, இறுதியில் அதனுள் எவ்வளவு ஈயம் சேர்ந்துள்ளது என்று அளக்கின்றனர். அது கல் தந்ததன்று. காற்றும் கையும் பாத்திரமும் சேர்த்த அழுக்கு. அதையும் மறைக்காமல் முடிவோடு எழுதி வைக்கின்றனர். பிறரை விசாரிக்குமுன் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளும் முஹாஸபா இது. இரண்டாவது, பொதுப் படிக்கல். உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாம் பொதுவான மாதிரிப் பொருளைத் தத்தம் கருவியில் அளந்து சரிபார்த்த பின்னரே தம் கல்லை அளக்கின்றன. நீரை அளப்போர்க்கு வியன்னாவிலுள்ள பன்னாட்டு அணுசக்தி முகமையின் நீர் படிக்கல். மூன்றாவது, முடிவின் ஓரத்தில் எழுதும் கூட்டல் கழித்தல் குறி. இத்தனை ஆண்டு என்று எழுதியதும், கூடக்குறைய இத்தனை என்றும் எழுதுகின்றனர். ஃபத்வா எழுதி முடித்த முஃப்தி இறுதியில் 'வல்லாஹு அஃலம்' என்று எழுதிக் கையொப்பமிடுவது நம் நினைவுக்கு வந்தது. தன் அறிவின் எல்லையைத் தானே குறித்துக் கொடுப்பவனிடமே மக்கள் நம்பிக்கை வைக்க முடியும்.

இத்தூய்மை எவ்வாறு பிறந்தது என்னும் வரலாறும் சொல்லத் தக்கது. அமெரிக்க அறிஞர் கிளேர் பாட்டர்சன், அரிசோனாவில் விழுந்த விண்கல்லின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், கூடக்குறைய 7 கோடி, என்று 1956இல் அறிவித்தார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவருடைய அளவைகள் பொய்த்துக்கொண்டே இருந்தன. இருக்க வேண்டியதைவிடப் பன்மடங்கு ஈயம் வந்து சேர்ந்தது. தூசியிலும் காற்றிலும் ஈயம் கலந்திருந்ததே காரணம். அதை விலக்கத்தான் அத்தகைய தூய அறையைக் கட்டினார். பிறகு, காற்றில் இத்தனை ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பெட்ரோலில் கலக்கும் ஈயம் மனித உடல்களில் ஏறுகிறது என்று 1965இல் எழுதினார். அதன் விளைவாக ஆய்வுக்கான பண உதவிகளை இழந்தார். 1971இல் ஈய மாசு பற்றி ஆராய அந்நாட்டுத் தேசிய ஆய்வு மன்றம் அமைத்த குழுவில், அத்துறையில் தலைசிறந்து விளங்கிய அவருக்கே இடமளிக்கப்படவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. படிப்படியாக உலகம் அவர் வழிக்கு வந்தது. நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகெங்கும் வாகனங்களுக்கு அது ஒழிந்தது. 1995இல் மறைந்த பாட்டர்சன் அந்நாளைக் காணவில்லை. கல்லின் வயதைக் கேட்கப் போனவர், ஈன்ற தாயும் அறியாமல் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்துகொண்டிருந்த நஞ்சைக் காட்டிக் கொடுத்தார்.

நம் முன்னோரும் இவ்வழியில் நடந்தவர்களே. அல்பீரூனி இரத்தினங்களின் அடர்த்தியை நுட்பமாக அளந்தார். கங்கைச் சமவெளியின் கற்கள் மலையருகே பருத்தும் தொலைவில் சிறுத்தும் மணலாகியும் கிடப்பதைக் கண்டு, அந்நிலம் முன்னொரு காலத்தில் கடலாயிருந்து வண்டலால் தூர்ந்தது என்று கருதினார். அல்காஸினி 1121இல் தராசைப் பற்றியே 'மீஸானுல் ஹிக்மா' என்னும் பெருநூல் இயற்றினார். ஆனால் பழம்பெருமை பேசிக்கொண்டே இருந்தால் பசி தீராது. எனவே வேலைக்கு வருவோம்.

இத்துறையில் வேலை தருவன நான்கு வகை. முதல் வகை, ஆய்வு நிறுவனங்கள்: அகமதாபாத்து இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம், ஹைதராபாத்துத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், டேராடூன் வாடியா நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், திருவனந்தபுரம் தேசியப் புவி அறிவியல் மையம் முதலானவை. இரண்டாவது, அரசின் நில, நீர்த் துறைகள்: 1851இல் நிறுவப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, மத்திய நிலத்தடி நீர் வாரியம், அணுசக்தித் துறையின் கனிம இயக்ககம். முதலிரண்டுக்கும் மத்தியத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. மூன்றாவது, தனியார் துறை: எண்ணெய் நிறுவனங்கள், அளவைக் கருவி செய்வோர், உணவுப் பரிசோதனைக் கூடங்கள். தேனில் கரும்புச் சர்க்கரையோ மக்காச்சோளப் பாகோ கலந்தால் கார்பன் ஓரிடத்தான்களின் விகிதம் அதைக் காட்டிக்கொடுக்கும். அரிசிப் பாகு மட்டும் இச்சோதனைக்குத் தப்பும், அதற்கு வேறு சோதனை வேண்டும். கீழடியின் கரித்துண்டுகள் வயது கேட்டு அமெரிக்காவின் மியாமி நகரத்துத் தனியார் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று வந்ததைத் தமிழர் அறிவர். டெல்லியிலும் அகமதாபாத்திலும் இன்று அதற்கான கருவிகள் உள்ளன. நான்காவது, கல்லூரி ஆசிரியப் பணி.

பட்டியல் நீளம், இடங்கள் குறைவு. இக்கருவிகள் விலை மிகுந்தவை. நாட்டில் எண்ணிக்கையில் சில. கருவி இருக்குமிடத்தில்தான் வேலை. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் தகுதித் தேர்வில் தேறியவர்க்கு உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அது முதலீராண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். அதன்பின் ஈராண்டோ மூவாண்டோ தற்காலிக ஆய்வுப் பணி. நிலையான பதவி கிட்டும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். சிலருக்குக் கிட்டாமலும் போகும்.

நம் மாணவியின் நிலையும் அதுவே. பட்டம் பெற்றபின் பதினான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். பதினோரிடங்களிலிருந்து பதிலே இல்லை. நேர்காணலுக்கு அழைத்த ஓரிடத்தில் அவளுடைய ஆய்வைப் பற்றி இரண்டு கேள்விகளும், திருமணம் எப்போது என்பது பற்றி நான்கு கேள்விகளும் கேட்டனராம். இப்போது நிலத்தடி நீர் ஆய்வுத் திட்டமொன்றில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் பணியில் இருக்கிறாள். கருவியைப் பழுது பார்க்கவும் கற்றிருந்ததால்தான் அதுவும் கிடைத்தது என்பாள். சென்ற ஆண்டு சம்பந்தம் பேச வந்தவர்கள், "பெண் என்ன வேலை பார்க்கிறது?" என்று வினவியபோது, மண்டிக்காரர் தயங்கவில்லை. "தண்ணீருக்கும் கல்லுக்கும் வம்சம் விசாரிக்கிற உத்தியோகம். நிக்காஹுக்குப் பிறகும் அதைச் செய்வாள்" என்றார். வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றவர்கள், இதுவரை சொல்லவில்லை. அவரும் விசாரிக்கவில்லை.

இத்துறையில் கால் வைக்க விழையும் பிள்ளைகளுக்கு அவள் வாயிலாக அறிந்தவற்றைச் சொல்லிவைக்கிறோம். நிலவியல் படிப்போர் வேதியியலையும் புள்ளியியலையும் விடலாகாது. முதுநிலை படிக்கும்போதே, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பித்து, ஆய்வுக்கூடத்தின் வாசனையை அறிய வேண்டும். கல், நீர், உணவு என எதையும் அளக்கத் தெரிந்தவர்க்கு ஒரு கதவு அடைத்தால் மறுகதவு உண்டு. நிலவியலாளர்க்கான மத்தியத் தேர்வுக்குப் பொது வயது வரம்பு 32. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைமார் மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருத்தலால், உரிய வருமான வரம்புக்கு உட்பட்டோர்க்கு மூன்றாண்டுச் சலுகை உண்டு. மாநிலச் சான்றிதழ் அதற்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் தனியே பெற வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்தார்கள். தம் காலத்து ஊர்கள் பலவற்றில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாதிருக்க, மாணவரெல்லாம் செல்வாக்குத் தரும் ஒரே கல்வியின் பின்னால் திரள்கின்றனரே என்றும் வருந்தினார்கள். அவர்கள் மறைந்து ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவ்வருத்தம் பழசாகவில்லை. நம் நிலத்தடி நீரின் நிலையை அறிபவர் நம்முள் ஒருவரேனும் இருக்க வேண்டாமா? எல்லாரும் இதைப் படிக்க வேண்டியதில்லை. எல்லார்க்கும் இதில் இடமும் இல்லை. ஆயினும் நூறு வீட்டில் ஒரு பிள்ளை இவ்வாறான ஆறாவது விடையோடு வந்து நின்றால், பெயர் வாயில் நுழையவில்லை என்பதற்காக அப்பிள்ளையின் வழியை மறிக்க வேண்டா. வேலை உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அத்துடன், அந்த வேலையால் எவருடைய தாகம் தீரும், எவருடைய பொய் வெளிப்படும் என்பதையும் கேளுங்கள்.

பயன் தரும் கல்வியையும், ஹலாலான ரிஸ்கையும், காத்திருக்கும் காலத்தில் தளராத உள்ளத்தையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.